தேர் விளக்கு உபயம்

பாப்பா அப்பாவுக்கு,

சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று நாலு வரி எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அப்பீல் வக்கீலுக்காகக் கம்மலை அடகு வைத்து வாங்கிய பணம் இப்போது என்னிடம் இல்லை. நீங்கள் குவைத்தில் இருப்பதாகத்தானே ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்? திருவிழா வசூலுக்கு வந்த அருள்தாஸ், "அண்ணன் குவைத்துல சம்பாதிக்கிறாரு, தேர் லைட்டு செலவு இந்த வருசம் உங்க வூட்டுதுதான் அண்ணி" என்று வாசலிலேயே நின்றான். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்களே. எடுத்துக் கொடுத்துவிட்டேன். கோயில் மைக்கில் உங்கள் பேரைப் படித்தபோது பாப்பா கைதட்டினாள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

சிறையிலேயே இலவச வக்கீலுக்கு மனு வாங்குகிறார்கள் என்று போன மாதம் எழுதினீர்கள். தர்ம வக்கீலா, அசிங்கம் என்று நான்தான் தடுத்தேன். அப்பீல் போட இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. இது கிடைத்ததும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இதுவரை எழுதிய கடிதங்களையெல்லாம் கடலூர் போய்த்தான் போட்டேன். இதை நம் கிருமாம்பாக்கம் தபால் ஆபீசில் கொடுக்கப் போகிறேன். கவரில் சிறை விலாசத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். அங்கே வாங்கி முத்திரை குத்துவது அருள்தாஸ் பெண்டாட்டி.

பாப்பா அம்மா