போயிருக்கா, போயிட்டா

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் லேபில் பதினேழு பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஒவ்வொருவரிடமும் பெயர், வயது கேட்டு, சீட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் ஊசியை எடுத்தேன். ஒருவருக்குக் கடுப்பு. "போன வாரமும் நீங்கதானம்மா எடுத்தீங்க, என் மூஞ்சி மறந்துபோச்சா?" மூஞ்சி நன்றாக ஞாபகம் இருக்கிறது. சோதனைக் குழாயில் மூஞ்சியையா ஒட்ட முடியும்?

சாயங்காலம் தேர்தல் அலுவலகம். நவம்பரில் மாநிலத் தேர்தல். வாக்காளர் பட்டியலில் நான் இன்னும் புருஷன் வீட்டில்தான் குடியிருக்கிறேன். அவனை விட்டு வெளியே வந்து பத்து மாதம் ஆகிறது. ஃபாரத்தை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினேன். பழைய முகவரி, புது முகவரி, அட்டை எண், வாடகை ஒப்பந்தத்தின் நகல், போட்டோ. க்ளார்க் முத்திரை குத்திக் கொடுத்தார். "ரெண்டு வீட்லயும் விசாரிக்க ஆள் வருவாங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள முடிஞ்சா புது லிஸ்ட்ல வந்துடும்."

இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்?

'மாற்றத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம். 'பணி நிமித்தம்' என்று எழுதினேன். அந்தச் சின்னக் கட்டத்தில் வேறு என்ன எழுதுவது?

ஆகஸ்ட் 29

போனில் தகவல் வந்தது. நிராகரிக்கப்பட்டது. ஒரே சொல்.

செப்டம்பர் 1, திங்கள்

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். க்ளார்க் திரையை என் பக்கம் திருப்பினார். 'விண்ணப்பதாரர் பழைய முகவரியிலேயே வசிக்கிறார். தற்காலிகமாக வெளியூர் சென்றுள்ளார்.'

"யார் சொன்னது?"

"வீட்டுக்காரர் சொல்லியிருக்கார்மா."

"எந்த வீட்டுக்காரர்? வாடகைக்கு விட்டவரா, கட்டிக்கிட்டவரா?"

பக்கத்து மேசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. நான் எங்கே தூங்கி எழுகிறேன் என்பதை அவனிடமா கேட்பார்கள்? என்னிடம் யார் கேட்டார்கள்? பெயர் மாறிப்போன ஒரு குழாய்க்கு எங்கள் லேபில் விளக்கம் கேட்டு மூன்று பக்கம் எழுத வைப்பார்கள். இங்கே ஒரு முழு மனுஷியையே மாற்றி ஒட்டியிருக்கிறார்கள், ஒரு "ஸாரி" கிடையாது.

செப்டம்பர் 3

விசாரணைக்குப் போனது ஒரு பள்ளிக்கூட டீச்சராம், பாடம் எடுப்பதோடு இந்த வேலையும் அவர்கள் தலையில். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் பிடித்துக்கொண்டேன். ஐம்பது வயது இருக்கும், கையில் திருத்தாத நோட்டுக் கட்டு.

"நான் பொறுப்பாத்தான் கேட்டேன்மா. 'ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவா'ன்னு சொன்னார். கொடியில உங்க நைட்டிகூடக் காஞ்சிட்டிருந்துச்சு."

என் நைட்டி! பச்சை நைட்டி. கிழிந்தது என்று விட்டுவிட்டு வந்தது. அதை நனைத்துக் காயப்போட்டு, தெருவுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான். என்ன ஜென்மமோ!

கத்த ஆரம்பித்தேன். டீச்சர் முழுதும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நீங்களும் வேலைக்காகன்னுதானே எழுதியிருக்கீங்க? வேலைக்குப் போனவங்க திரும்பி வருவாங்கன்னுதானே நான் நினைப்பேன்?"

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அவன் தெருவுக்குப் பொய் சொன்னான், நான் ஃபாரத்துக்குச் சொன்னேன். இருந்தாலும் என் பொய் யார் ஓட்டையும் கெடுக்கவில்லையே— கெடுத்தது. என்னுடையதையே.

செப்டம்பர் 4

மதியம் அவனுக்குப் போன் செய்தேன். பத்து மாதத்தில் முதல் தடவை. (நேரில் 'நீங்க'தான். இந்த நோட்டில்தான் 'அவன்'.)

"ஏன் பொய் சொன்னீங்க?"

"என்ன பொய்? போயிருக்கான்னு சொன்னேன். போகலையா நீ?"

"போயிட்டான்னு சொல்லணும்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல. போயிருக்கான்னா வருவா. போயிட்டான்னா வரமாட்டா. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தான். பிறகு, "தெருவுல நான் என்னன்னு சொல்லுவேன்? உங்கம்மாவுக்கு முடியலன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றான். உங்கள் மானத்தைக் காப்பாற்ற என் ஓட்டுத்தான் கிடைத்ததா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான். அந்த ஆத்திரத்தில், பிற்பகல் வந்த முதல் ஆளுக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினேன். பாவம் அந்த மனிதர்.

செப்டம்பர் 8

மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். பழைய வீட்டிலிருந்து ஒருவர் கையெழுத்துப் போட்டால் சுலபமாம். யார், அந்த நைட்டியா போடும்?

செப்டம்பர் 30

லிஸ்ட் வந்துவிட்டது. அதே கதவு எண். அவன் பெயர், அடுத்த வரியில் நான். மேல்முறையீடு 'பரிசீலனையில்' இருக்கிறதாம். பரிசீலித்துக்கொண்டே இருக்கட்டும்.

அக்டோபர் 22

லேபில் எக்ஸ்ரே எடுப்பவர், "விடுங்க, ஒரு ஓட்டுதானே" என்றார். ஒரு ஓட்டுதானே என்பவர்கள் யாருக்கும் அந்த ஒன்று பறிபோனதில்லை. ஓட்டுப் போடப் போகாமல் இருந்தால் யாருக்கு நிம்மதி? அவனுக்கு. ஊருக்குப் போனவள் ஓட்டுக்குக்கூட வரவில்லை, அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை போல என்று தெரு பேசிக்கொள்ளும்.

லிஸ்ட் என்னை அங்கே இருக்கிறாள் என்கிறதா? சரி, அங்கேயே போய்ப் போடுகிறேன்.

நவம்பர் 17

நாளைக்கு ஓட்டு. பைக்குள் அட்டை இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்துவிட்டேன். எதற்குப் பயம்? நான் என்ன திருடவா போகிறேன்?

நவம்பர் 18, செவ்வாய்

இரண்டு பஸ் மாறி ஒன்பது மணிக்குப் பழைய தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பெண்கள் வரிசை கேட்டுக்கு வெளியே வரை நின்றது. எனக்கு இரண்டு பேர் முன்னால் எதிர்வீட்டு அக்கா. பார்த்ததும் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடியே, எப்போ வந்தே? அம்மாவுக்கு இப்போ தேவலையா? பாவம், தனியா எவ்வளவு நாள்தான் பார்ப்பே!"

பக்கத்து ஆண்கள் வரிசையில் அவன் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்த்தான், பிறகு செருப்பைப் பார்த்தான்.

ஆமாம் அக்கா, பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் 'பணி நிமித்தம்' என்று எழுதிய அதே கைதான் இது என்று நினைத்ததும் எங்கிருந்தோ ஒரு வெறி.

"அம்மா கல்லு மாதிரி இருக்காங்கக்கா. நான் ஊருக்குப் போகல. இவரை விட்டுப் போயிட்டேன். பதிமூணு மாசம் ஆச்சு. பேரை மாத்த விடல, அதான் இங்க வந்து போடுறேன்."

சத்தமாகத்தான் சொன்னேன். இரண்டு வரிசையும் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு அம்மா, "முன்னாடி நகருங்க, நகருங்க" என்றார். அக்கா என் கையை விடவில்லை.

உள்ளே ஒருவர் என் பெயரையும் 'கணவர் பெயர்' என்று அவன் பெயரையும் உரக்கப் படித்தார். கட்சி ஏஜெண்டுகள் தங்கள் லிஸ்டில் டிக் அடித்தார்கள். விரலை நீட்டச் சொல்லி மை வைத்தார்கள். தினமும் நான் மற்றவர்களிடம் சொல்வது, இன்று எனக்கு. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் யாரும் இல்லை. அங்கே நான் மட்டும்தான்.

யாருக்குப் போட்டேன் என்று இந்த நோட்டிலும் எழுதமாட்டேன்.

நவம்பர் 24

மறுபடி ஃபாரம். காரணம்: கணவரைப் பிரிந்து தனியாக வசிக்கிறேன். கட்டம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

அதே டீச்சர் வந்தார். இந்தப் பகுதிக்கு ஆள் இல்லையாம், இதையும் அவர் தலையில் கட்டிவிட்டார்களாம். மூச்சு வாங்க வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அறையைச் சுற்றிப் பார்த்தார், ஒற்றைக் கட்டிலையும் ஒற்றை நாற்காலியையும் பார்த்தார், குறித்துக்கொண்டார். "இந்தத் தடவை சிக்கல் இல்லம்மா. அவரே எழுதிக் கொடுத்துட்டார்" என்று பழைய வீட்டின் விசாரணைத் தாளைக் காட்டினார்.

அவன் கையெழுத்து. கோணல் எழுத்து. 'இங்கே வசிக்கவில்லை. போய்விட்டாள்.' இதற்குத்தானே இத்தனை சண்டை? படித்ததும் ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அதற்குக் கீழே 'தற்போதைய முகவரி, தெரிந்தால்' என்று ஒரு வரி. அதையும் நிரப்பியிருக்கிறான். கதவு எண், தெரு. பிறகு, 'பின்பக்க இரும்புப் படிக்கட்டு வழியாக இரண்டாம் மாடி, நீலக் கதவு.'

நான் எந்த ஃபாரத்திலும் படிக்கட்டைப் பற்றி எழுதவில்லை. டீச்சரும் இன்றைக்குத்தான் முதல் தடவை இங்கே ஏறி வந்திருக்கிறார். தெருவில் நின்று பார்த்தால் அந்தப் படிக்கட்டே தெரியாது. கதவின் நிறம் மேலே வந்து நின்றவனுக்குத்தான் தெரியும்.

எப்போது வந்தான்? எத்தனை தடவை?

படுபாவி, ஒரு தட்டு தட்டியிருக்கலாம். தட்டியிருந்தால் திறந்திருக்க மாட்டேன், அது வேறு. ஆனால் தட்டியிருக்கலாம்.