எந்த மாடியிலும் இறங்காத திமிங்கிலம்

மார்ச் 9, மாலை 4.20. கேட்ட பதிப்பகங்கள் ஏழு.

குட்டிம்மா,

நீ சொல்லச் சொல்ல நான் எழுதிய லிஃப்ட் திமிங்கிலக் கதையை ஆறு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஏழாவது பதிப்பக அம்மா இன்று போனில் கூப்பிட்டார். நான் ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிகளுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அருமையான கதை சார், போட்டுடலாம். ஒரே ஒரு மாத்தம். திமிங்கிலம் மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் போய்ட்டு வந்துட்டே இருக்கே, கடைசியில ஏதாவது ஒண்ணுல இறங்கிடட்டும். பிள்ளைங்க கதைன்னா ஒரு வீடு வேணும்ல?"

இரண்டு வருடமாகக் காத்திருக்கிறோம். சிக்னலில் ஒரு நிமிடம் நிற்கவே எனக்குப் பொறுமை கிடையாது. 'சரி' என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது.

சுற்றிலும் இருட்டு, ஆழத்துத் தண்ணீர் மாதிரி. அதில் உன் திமிங்கிலம் என்னை உரசிக்கொண்டு மெதுவாக மேலே போனது. அதன் முதுகில் ஒரு பை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா வீட்டிலிருந்து நீ இங்கே தூக்கி வருகிற அதே பை.

"அதுக்கு ரெண்டு வீடு மேடம். இறங்காது."

"அப்போ கஷ்டம் சார்" என்று வைத்துவிட்டார்.

புத்தகம் வராததற்குக் கோபம் வந்தால் என்னைத் திட்டு, அம்மாவைத் திட்டாதே. இனி செய்யப்போவது:

1. நாளைக்கே எட்டாவது பதிப்பகத்துக்கு அனுப்புவேன்.
2. வெள்ளிக்கிழமை சரியாக ஆறு மணிக்கு உன்னை அழைத்துவர வருவேன்.
3. ஞாயிறு உன்னைத் திரும்ப விடும்போது, எப்போதும்போலத் தெருவிலேயே ஹாரன் அடிக்காமல், உள்ளே வந்து உன் அம்மாவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பேன்.

உன் அப்பா