உன் அம்மா கத்தியைப் பிடுங்கிய கதை

அன்புள்ள கடுகுக்கு, அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம், கப்பலில் நீயும் உன் அடுப்பும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இப்படி இரண்டு வரி எழுதி முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் போன தடவை துறைமுகத்திலிருந்து போன் பண்ணியபோது நீ என்னை மிரட்டினாயே, “நல்லா இருக்கோம்னு மட்டும் சொல்லாதீங்கப்பா, அம்மா எப்படி இருக்காங்கன்னு உண்மையச் சொல்லுங்க, இல்லன்னா அடுத்த துறைமுகத்துல இறங்கி வேலையே வேண்டாம்னு வந்துடுவேன்” என்று. உன் அம்மா பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாள், நான் என்னத்தைச் சொல்வது? “அதான் நல்லா இருக்கான்னு சொல்றேன்ல” என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அடுத்த துறைமுகத்தில் நீ இறங்குவதற்கு முன்னால் இந்தக் கடிதம் அங்கே உனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று உன் கம்பெனி ஆபீஸ் விலாசத்துக்குப் போடுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு முடிவெடு. பாதியில் மடித்து வைத்துவிட்டு மூட்டை கட்டாதே, உன் அவசர புத்தி எனக்குத் தெரியும், என்னிடமிருந்து வந்ததுதானே.

உண்மையைக் கேட்டாய் அல்லவா, கேள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன் அம்மா என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். சிரிக்காதே. கல்யாணம் ஆன காலம் முதல் அவள் வாயிலிருந்து “உங்க இஷ்டம்” என்ற வார்த்தை வராதா என்று ஏங்கினவன் நான், இப்போது எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறாள். என்ன சமைக்கலாம், உங்க இஷ்டம். ஜன்னலைத் திறக்கவா மூடவா, உங்க இஷ்டம். ஒரு கைக்குட்டை வாங்கக்கூட என்னைத் தனியாகக் கடைக்கு அனுப்பாதவள், நான் கூடத்துக்குத் திரைச்சீலை வாங்கி மாட்டினேன், அழுகின ஆரஞ்சு நிறம், கடையில் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஏறிட்டுப் பார்த்தாள், சரி என்றாள். உப்பே போடாமல் சூப் வைத்தேன், குடித்தாள். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டேன், அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். உன் மாமா இருக்கிறானே, ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்ணுகிறவனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் அல்லவா, “அக்கா திருந்திட்டாங்க மச்சான், உங்களுக்கு நல்ல காலம்தான்” என்றான். அவனை அறைந்திருப்பேன், உன் அம்மாவின் தம்பியாகப் போய்விட்டான். டாக்டரிடம் கேட்டால் காயம் சுத்தமாக ஆறிவிட்டது, வேலைக்கே போகலாம், மனசு தேறத்தான் கொஞ்சம் நாளாகும் என்கிறார். கொஞ்சம் நாள் என்றால் எவ்வளவு நாள் என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பஸ் ஓட்டின காலம் முழுக்க, எப்போ கிளம்பும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் “இதோ, கொஞ்ச நேரத்துல” என்று நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கிறவனின் வயிற்றெரிச்சல் இப்போதுதான் தெரிகிறது.

அவளுடைய பெரிய கத்தரிக்கோல், துணி வெட்டுகிறது, நாம் காகிதம் வெட்டினால் கையை முறிப்பேன் என்பாளே, அது பீரோவுக்குள் பழைய தலையணை உறைக்கடியில் கிடந்தது. தையல்கூடத்து முதலாளியம்மா இரண்டு தடவை வீட்டுக்கே வந்து, வெட்டு மேஜையை அப்படியே வைத்திருக்கிறேன், நீ வந்தால்தான் துணி ஒழுங்காக வெட்டுப்படும் என்று கெஞ்சினார். “பாக்கலாம்” என்றாள் உன் அம்மா. அந்தம்மா போகும்போது என்னைத் தனியாக அழைத்து, ரொம்ப நாள் காலியாகப் போட முடியாது அண்ணே, வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கூடவே, வெயில் காலத்து பிக்னிக் வருகிறது, வழக்கம்போல் சுட்ட கறி உங்கள் வீட்டுப் பொறுப்பு, அந்தச் சாக்கிலாவது அழைத்து வாருங்கள் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன், கறி சுடுவது இத்தனை வருஷமும் உன் அம்மா வேலை, நான் மூட்டை தூக்குகிறவன் மட்டும்தான் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

அதனால்தான் நீ மிரட்டுவதற்கு முன்னால் அதே போனில் உன்னிடம் யோசனை கேட்டேன். விலை குறைந்த துண்டே போதும்ப்பா, வயிற்றுப் பக்கத்துக் கறி வாங்குங்க, முதல் நாளே ஊறப்போடுங்க, நெருப்பு நல்லா கனிஞ்சதும் வைங்க, எடுத்ததும் கொஞ்ச நேரம் அப்படியே விடுங்க, வெட்டும்போது, என்று நீ சொல்லிக்கொண்டே போனாய், கப்பல் சமையல்காரி என்றால் அப்பனுக்கே பாடம் நடத்தலாம் என்ற திமிர். சரி சரி என்றேன். வெட்டும்போது என்ன என்பதைச் சத்தியமாகக் காதில் வாங்கவில்லை, வெட்டுவதற்கு என்ன வித்தை வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். கறிக்கடைக்காரரும் பொட்டலம் கட்டும்போது ஏதோ சொன்னார், அவருக்கும் ஒரு சரி. அந்தக் கறி பார்க்க மடித்து வைத்த துண்டு மாதிரி தட்டையாக இருந்தது, ஒரே திசையில் நார் நாராக ஓடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். மட்டமான துண்டை வாங்கினால் வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பவள், தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, “உங்க இஷ்டம்” என்றாள். பூண்டு, மிளகு, எலுமிச்சை, எண்ணெய் எல்லாம் கைக்கு வந்தபடி கொட்டிப் பிசைந்தேன், அடுப்படியெல்லாம் சிந்தியது. அவள் அதை எட்டித் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கறி மேலா அவள் மேலா என்று எனக்கே தெரியவில்லை. உள்ளபடி சொன்னால் பயம்தான். இவள் இப்படியே இருந்துவிடுவாளோ என்று பயந்தேன்.

பிக்னிக் ஏரிக்கரைப் பூங்காவில். மரத்தடியில் மேஜை, பக்கத்தில் கரி போட்டுச் சுட இரும்பு அடுப்பு, எல்லாம் வசதிதான், கெடுப்பதற்கென்று உன் மாமா வந்து சேர்ந்தான். கரியை இப்படி அடுக்கக்கூடாது மச்சான், காற்று உள்ளே போக வழி வேண்டும் என்று நான் அடுக்கியதைக் கலைத்தான், அட்டையை வைத்து விசிறினான், சாம்பல் பறந்து வெள்ளரிக்காய்த் தட்டில் விழுந்தது, கடைசியில் நெருப்பே அணைந்துவிட்டது. மறுபடி நான் மூட்டினேன். நெருப்பு கனிவதற்குள் கறியைப் போடலாமா போடலாமா என்று நச்சரித்தான். தையல்கூடத்துப் பெண்களெல்லாம் உன் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், அவ்வளவுதான், யாரோ வீட்டு விசேஷத்துக்கு வந்த அசலாள் போல இருந்தாள். முதலாளியம்மா என்னைப் பார்த்தார், நான் கரியைக் கிளறினேன்.

ஆனால் கறி அருமையாக வந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் செவசெவவென்று சிவந்து ஓரம் லேசாகக் கருகி, வாசனைக்குப் பக்கத்து மேஜைக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். நீ சொன்னபடியே எடுத்து ஆறவும் விட்டேன். பிறகு பலகையில் வைத்து வெட்டினேன். நீள நீளமாக நாரோடு சேர்த்து, ரிப்பன் மாதிரி அழகாக வெட்டி அடுக்கி, முதல் தட்டை முதலாளியம்மாவுக்குக் கொடுத்தேன். மென்றார். இன்னும் மென்றார். ருசி நல்லா இருக்கு அண்ணே என்று சொல்ல வாயைத் திறக்க முடியாமல் கையால் ஜாடை காட்டினார். இஸ்திரி போடுகிறவர் பல் கட்டியவர், கர்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனார். உன் மாமா ஒருத்தன்தான் மென்றுகொண்டே, கறியைச் சரியாக ஊறவைக்கவில்லை, நெருப்பு போதாது, ஆடு மேய்க்கிறவன்கூட இதைவிட நன்றாகச் சுடுவான் என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசினான், எப்படித்தான் முடிகிறதோ. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அம்மா தட்டிலும் ஒரு துண்டு வைத்தேன்.

வாயில் போட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள். தட்டில் இருந்த இன்னொரு துண்டைக் கையில் எடுத்து, துணியின் இழையைப் பார்ப்பாளே, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரலால் இழுத்து, அதே மாதிரி பார்த்தாள். எழுந்தாள். நேரே பலகைக்கு வந்து “கத்தியக் குடுங்க” என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பிடுங்கிவிட்டாள். “கண்ணு தெரியலையா உங்களுக்கு? இழை எந்தப் பக்கம் ஓடுதுன்னு கொழந்தைகூட சொல்லும். துணிய இழையோட வெட்டணும், கறிய இழைக்குக் குறுக்க வெட்டணும், இத்தன வருஷம் பக்கத்துல நின்னு என்னத்தப் பாத்தீங்க?” என்றாள். அந்தக் குரல் கேட்டுத் தையல்கூடமே பலகைப் பக்கம் நெருங்கி வந்தது. கத்தியை லேசாகச் சாய்த்துப் பிடித்து, மிச்சக் கறியைக் குறுக்கே, மெல்லிசு மெல்லிசாக அரிந்து தள்ளினாள், அவள் துணி வெட்டும் அதே வேகத்தில். நான் வெட்டி வைத்திருந்ததையும் வாங்கிப் பொடிப்பொடியாக நறுக்கினாள். எல்லோரும் மறுபடி எடுத்தார்கள். அதே கறிதான், வாயில் போட்டதும் கரைந்தது. இஸ்திரிக்காரர் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அதோடு விட்டாளா? நிறைய நாள் பாக்கி அல்லவா. வெட்டிக்கொண்டே ஆரம்பித்தாள். கூடத்தில் மாட்டியிருக்கிற கண்றாவித் திரையை இன்றைக்கே கழற்ற வேண்டும், அந்தக் கலரைப் பார்த்துப் பார்த்தே தலைவலி. சூப்பில் உப்பு என்று ஒன்று போடுவார்கள், கேள்விப்பட்டதுண்டா. ஈரத்துண்டால் மெத்தை நாறுகிறது. அடுப்படியில் எண்ணெயைக் கொட்டினவர் துடைத்தாரா, வழுக்கி விழுந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவா. ஒன்று விடவில்லை கடுகு, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள், எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கிறாள், சொல்லத்தான் தெம்பில்லாமல் இருந்திருக்கிறாள். ஊர் பார்க்க நின்று திட்டு வாங்கினேன். உன் மாமா சிரித்தான், அவனுக்கும் சாம்பல் பறக்கவிட்டதற்குத் தனியாகக் கிடைத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வெளியே காட்டினால் அதற்கும் ஒரு திட்டு விழும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். திட்டி முடித்துவிட்டுக் கை கழுவாமலேயே உட்கார்ந்து தட்டு நிறையக் கறி சாப்பிட்டாள். மிளகு ஜாஸ்தி என்றாள்.

திங்கட்கிழமை பீரோவைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள், சாணை பிடித்து வரச் சொல்லி என்னை விரட்டினாள், சாணைக்காரர் நன்றாகத்தான் பிடித்தார், அதிலும் ஒரு குறை. இப்போது தினமும் காலையில் தையல்கூடத்துக்குப் போய்விடுகிறாள். பாதி நாள்தான், சாயங்காலம் களைத்துத்தான் வருகிறாள், படி ஏறும்போது இன்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள், உண்மையைக் கேட்டாயே என்று அதையும் எழுதுகிறேன். ஆனால் களைத்துப் போய் வந்தாலும் வாசலில் என் செருப்பு கிடக்கிற கோலத்தைப் பற்றிப் பேசத் தெம்பு இருக்கிறது. எனக்கு வீட்டில் நிம்மதி போய்விட்டது. ஆரஞ்சுத் திரை இப்போது பழைய சைக்கிளை மூடப் பயன்படுகிறது. அதனால் நீ வேலையை விட்டுவிட்டு வந்து நிற்காதே, வந்தால் நீயும் என்னோடு சேர்ந்து வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான். லீவு கிடைக்கும்போது வா, அது வேறு. கப்பலில் மற்றவர்களுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு நீ நின்றுகொண்டே மிச்சத்தைத் தின்னாதே, உட்கார்ந்து சாப்பிடு. தளம் ஈரமாக இருக்கும்போது கொதிக்கிற பாத்திரத்தைத் தனியாகத் தூக்காதே, ஆளைக் கூப்பிடு. எனக்கு யாராவது ஏதாவது சொல்லிக்கொடுக்கும்போது நான் சரி சரி என்றால், அப்பா என்ன சொன்னேன் சொல்லுங்கள் என்று திருப்பிக் கேள். இது மட்டும் மறக்காதே.

நோய் நொடி இல்லாமல், கை சுடாமல், நல்ல மனுஷர்கள் நடுவில் நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. துறைமுகத்தில் இறங்கியதும் முதல் வேலையாகப் போன் பண்ணு.

இப்படிக்கு
உன் அப்பா

கடுகு, ஒட்டுவதற்கு முன்னால் வாங்கிப் படித்துப் பார்த்தேன். உங்கப்பா என்னை ரவுடி மாதிரி எழுதி வைத்திருக்கிறார். கத்தியைப் பிடுங்கவில்லை, கேட்டுத்தான் வாங்கினேன். திரையை மட்டும் சரியாக எழுதியிருக்கிறார், நீ வந்து பார்த்திருந்தால் மயக்கமே போட்டிருப்பாய். வேலையை விடுகிற பேச்சை இனி எடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். போன் பண்ணும்போது நன்றாக சார்ஜ் போட்டுக்கொண்டு பண்ணு, அப்பாவிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொல். உன்னிடம் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. அம்மா.