வியட்நாமுக்குப் போகும் மெஷின்

அம்பத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அப்பாவுக்கு, செண்பகவல்லி வணங்கி எழுதுவது. ஆபரேஷன் செய்த கண்ணில் நீர் வடிவது நின்றதா? நான் நலம். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

கார் ஒயர்களுக்கு முனை பொருத்தும் என் மெஷினை வியட்நாமுக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து வந்த லின் என்ற பெண்ணுக்கு இரண்டு வாரமாக நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன். எதற்கென்று நேற்றுதான் சொன்னார்கள். சூப்பர்வைசர் ஹேமநாதனிடம் சண்டைக்குப் போனேன்.

"நான் இன்னாம்மா பண்றது? வெளிநாட்டு கஸ்டமரு அங்கதான் செலவு கம்மின்னுட்டான்" என்றார்.

முகமே தெரியாத ஒருவனிடம் எப்படிக் கத்துவது?

லின்னிடம் கோபப்படப் பார்த்தேன். அவள் செல்போனில் மொழிபெயர்த்துக் கேட்டாள்: "இந்த மெஷின் இங்கே எத்தனை வருஷம் இருந்தது?"

"ஆறு" என்றேன்.

விரல்விட்டு எண்ணினாள். "எங்களிடமும் ஆறு வருஷம்தான் இருக்கும் என்றால், அப்போது என் மகளுக்குப் பத்து வயதுதான் ஆகியிருக்கும்" என்றாள்.

வேறு வேலை தேட வேண்டும், பீரோவில் இருக்கும் என் ஐடிஐ சான்றிதழை அனுப்புங்கள். கூடவே அம்மாவிடம் பருப்புப்பொடி கேட்டு வையுங்கள். காரம் குறைவாக இருக்கட்டும், லின்னும் சாப்பிடுவாள். ஹாஸ்டலில் தண்ணீர் வந்துவிட்டது, பிடிக்க ஓடுகிறேன். ஊருக்கு வா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அப்பா. வந்துவிடுவேன்.

செண்பகம்