யூனுஸ் நபி இன்னும் பதில் சொல்லவில்லை

என் நெஞ்சுக்குள் இன்னும் சத்தமாகச் சிரிக்கிற ஜெனிட்டாவுக்கு,

பேசிவிட்டேனடி! உங்கள் சேர்ச் மண்டபத்தில், உனக்கென்று ஒதுக்கியிருந்த சனிக்கிழமைப் பின்னேரத்தில், உன் யோனாவைப் பற்றி, எங்கள் யூனுஸ் நபியைப் பற்றி, நான் பேசிவிட்டேன். மகன் உறங்கிவிட்டான். எனக்கு உறக்கம் வரவில்லை. உனக்குச் சொல்லாமல் எப்படி வரும்?

உங்கள் வாசிப்பு வட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு சின்னத் தீர்க்கதரிசிகளையும் ஆளுக்கொருவராகப் படித்துச் சொல்வதென்று முடிவானதும், நீ யோனாவைப் பிடித்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாய். "இவர் உங்கட ஆளும்தானே ராத்தா, சேந்து படிப்பம்" என்றாய். உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவள் என்பதற்காகக் கெம்பஸில் படிக்கும்போது நீ தொடங்கிய அந்த 'ராத்தா'வைக் கடைசிவரை விடவேயில்லை.

மீன் வயிற்றில் நபி ஓதிய துஆவை நான் உன் வேதத்தில் தேடினேன். பிள்ளை வயிற்றில் இருந்த காலமெல்லாம் நான் ஓதிய துஆ அது. அங்கே வேறொரு நீண்ட செபம் இருந்தது. "உன்ட புத்தகத்துல ஒரு பக்கம் குறையிதுடி" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "உங்கட ஆள் கோவத்துல ஊரை விட்டுப் போனதோட சரி. எங்கட ஆள், கடவுள் நினிவே ஊரை அழிக்காம விட்ட பிறகும் மூஞ்சை நீட்டிக்கொண்டு இருக்கார், பாருங்க." அவருக்கு நிழல் தந்தது எங்கள் வேதத்தில் சுரைக்கொடி, உங்கள் வேதத்தில் ஆமணக்கு. "ஆமணக்குல எங்கடி நிழல்?" என்று கேட்டு ஒரு பின்னேரம் முழுக்க உன்னோடு சண்டை பிடித்தேன்.

பிறகு உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது.

உன்னை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு உன் அம்மா சேர்ச் வாசலை மிதிக்கவில்லை. போதகர் போய்க் கூப்பிட்டும் முகம் கொடுக்கவில்லை. உன் இடத்தில் வட்டத்துப் பெண்கள் என்னைப் பேசச் சொன்னபோது நான் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். "நான் கதைக்கப் போறன் அன்ரி. நீங்க வந்து இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றேன். அவர் தேத்தண்ணி மட்டும் ஊற்றித் தந்தார்.

என்னை உனக்குத் தெரியும்தானே? மகன் தும்மினாலே நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள். நான் பிழையாக ஏதும் சொல்லி, அங்கேயும் இங்கேயும் பேச்சாகிவிட்டால்? உம்மாதான் சத்தம் போட்டார். "நம்மட நபிட கதையைச் சொல்றதுக்கு என்ன பயம்? பிஸ்மி சொல்லிட்டுப் போ! முதல்ல உன்ட புள்ளையைப் பாரு, திரும்பவும் பீச்சக்கையால திங்கிறான்."

நான் ஓடிப்போய், வழக்கம்போல அவனுடைய பிஸ்கற்றை வலக்கைக்கு மாற்றினேன். அவன் உடனே இடக்கைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தான். அப்போதுதானடி பொறி தட்டியது! வலக்கை எது இடக்கை எது என்று தெரியாத இத்தனை பேர் இருக்கிற ஊரை நான் எப்படி அழிப்பேன் என்றுதானே இறைவன் யோனாவிடம் கேட்கிறான்? நீயும் நானும் அதைப் பாவம் புண்ணியம் தெரியாத சனம் என்று படித்துவிட்டுப் போனோம். அது குழந்தைகளாகவும் இருக்கலாமே! நினிவேயிலும் ஓர் உம்மா பிஸ்கற்றைக் கை மாற்றிக்கொண்டிருந்திருப்பாளே!

மண்டபத்தில் முதலில் ஒருவர் ஆமோஸைப் பற்றிச் சொன்னார். கள்ளத் தராசுக்காரரைத் திட்டிய அந்தத் தீர்க்கதரிசி எந்த ஊர்ச் சந்தைக்குள் வந்தாலும் முதலில் தராசைத்தான் தூக்கிப் பார்ப்பார் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது நான். 'யூனுஸ் நபி' என்ற ஒவ்வொரு முறையும் பழக்கத்தில் 'அலைஹிஸ்ஸலாம்' என்று அவருக்குச் சாந்தி வேண்டினேன். அவர்களும் பழக்கத்தில் 'ஆமென்' என்றார்கள்! நீ இருந்திருந்தால் வெளியே எழும்பிப் போய்ச் சிரித்திருப்பாய்.

பாதியில் கடைசி வரிசை வாங்கில் ஒரு வெள்ளைச் சேலை. உன் அம்மா!

ஆனாலும் பேச்சை விடவில்லை. செடி வாடுகிறது, நபி கோபத்தில் சாகக் கேட்கிறார், நீ கோபப்படுவது நியாயமா என்று இறைவன் கேட்கிறான் என்று சொல்லி மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"ஓம். நியாயந்தான்."

பின்னாலிருந்து உன் அம்மாவின் குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கோ மயிர்க்கூச்செறிந்தது ஜெனிட்டா! "அன்ரி, யோனாவும் இதைத்தான் சொன்னார்!" என்று கத்தியேவிட்டேன். "சாகிற அளவுக்குக் கோவம், அது நியாயந்தான் என்டுதான் சொன்னார். அதுக்காக அவரை ஒருத்தரும் அடிக்கல்ல, துரத்தல்ல. இறைவன் இன்னொரு கேள்விதான் கேட்டான்." பிறகு வலக்கை இடக்கை தெரியாதவர்களைச் சொன்னேன். அத்தோடு அந்தப் புத்தகம் முடிந்துவிடுகிறதே!

எல்லோரும் எழும்பும்போது உன் அம்மா வந்து என் இடுப்பிலிருந்து மகனை வாங்கினார். அவன் இடக்கையால் பிஸ்கற்றை அவர் வாயில் திணித்தான். நான் கையை மாற்றப் போனேன். "விடு புள்ள" என்றார். மென்றுகொண்டே கேட்டார்: "அந்த மனுசன் பிறகு என்ன பதில் சொன்னவர்?"

"அது எழுதியில்ல அன்ரி. கேள்வியோட முடியுது."

மகனுடைய இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நானும் ஆறுதலா, அவசரமில்லாம யோசிச்சுத்தான் சொல்லுவன்" என்றார்.

நீ கேட்டாயா அதை? இத்தனை மாதம் ஒன்றும் கேட்கக்கூட மாட்டேன் என்று இருந்தவரடி!

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் அம்மா பதில் சொல்லும்வரை நான் அந்த வீட்டுக்குப் போய்வருவேன், இவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு. ஒருநாளும் அவரை அவசரப்படுத்த மாட்டேன்.

நீ விடாமல் கூப்பிட்ட
உன் ராத்தா,
பஸ்மியா