சத்தத்தைக் குறைடா

அன்பு மகளுக்கு,

நேற்று உன் அண்ணன் நினைவாக அவன் கூட்டாளிகள் ராப் கச்சேரி வைத்தார்கள். வரவே மாட்டேன் என்று முரண்டு பிடித்த உன் அப்பா, எனக்கு முன்னால் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

அவன் எழுதிய வரியெல்லாம் அங்கே வந்த பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்தப் பாட்டும் வந்தது. அப்பா திட்டியதை அவருக்கே தெரியாமல் பதிவு பண்ணி நடுவில் சேர்த்தானே, அதுதான். அந்த இடம் வந்ததும் இசையை நிறுத்தி, மைக்கை இவரிடம் நீட்டிவிட்டார்கள். மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டேய், சத்தத்தைக் குறைடா. இது வீடா, சந்தைக்கடையா?" என்று கத்தினார். மண்டபமே அதிர்ந்தது. பயல்கள் வரிசையில் நின்று அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று காலை, இத்தனை நாள் பூட்டியே கிடந்த அண்ணன் அறையை அவரே திறந்து அந்தப் பாட்டைப் போட்டார். தெருவுக்கே கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "சார், கொஞ்சம் சத்தத்தைக் குறைங்களேன்" என்றார்.

அப்பா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க சார். பாட்டுல இப்ப நான் வருவேன்."

காது அடைத்துப்போன
உன் அம்மா