எங்கள் அலமாரியை நாங்களே துடைத்து வைத்த கதை

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், நலமில்லாத சங்கதியை மட்டும் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வெளியே ஓடாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாவிட்டால் மட்டும் இங்கிருந்து நான் என்ன கிழிக்கப் போகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டு விடுகிறேன், சத்தமாகச் சிரிக்காதே, பக்கத்து மேசைக்காரர்கள் பார்ப்பார்கள். போன மாதம் லைப்ரரியில் ஜன்னலோரம் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஒரு தடிப் புத்தகத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன், நடுநடுவே தலையைக்கூட ஆட்டினேன். நம் தெருமுனைத் தையல்காரம்மா வந்து குனிந்து பார்த்தாள், அவளுக்கு நம் பாஷையில் தெரிந்த ஒரே சொல் அக்கா, மீதியை இந்த ஊர்ப் பேச்சில்தான் பேசுவாள். "அக்கா, கதை எப்படி?" என்றாள். "ரொம்ப நல்லாருக்கு, விடவே மனசில்ல" என்றேன். "அப்படியா, எங்க பாஷைல வலது பக்கத்திலேர்ந்துதான் ஆரம்பிக்கணும், நீங்க கல்யாணம் முடிஞ்ச இடத்துல உக்காந்திருக்கீங்க" என்றாள். உன் அம்மாவின் மானம் அந்தக் கம்பளத்தில் விழுந்து அங்கேயே கிடக்கிறது.

ஒரு எழுத்தும் தெரியாத புத்தகம் உனக்கெதற்கு என்று கேட்பாய். சொல்கிறேன். லைப்ரரியின் பின்சுவரில் பாஷைக்கு ஒரு அலமாரி உண்டு, நம்முடையது ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், குனிந்தால்தான் தெரியும். சில மாதத்துக்கு ஒருமுறை பெரிய லைப்ரரியிலிருந்து மூட்டை வரும், பழையது போகும், புதியது வந்து உட்காரும். அப்பாவுக்கு வாய் கோணிப் பேச்சு குழறிப்போன பிறகு, பயிற்சி கொடுக்க வந்த பெண் தினமும் சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னாள் இல்லையா, அன்று பிடித்தது இந்தப் புத்தகப் பைத்தியம். நான் லாண்டரியில் துணி தேய்த்துவிட்டு வந்து அடுப்பங்கரையில் நின்றால், இவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாசிப்பார். லாரி ஓட்டிய காலத்தில் என்னோடு பேசாததையெல்லாம் வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்க்கிறார். எல்லாம் எவரோ எழுதிய வசனம்தான், ஆனாலும் குரல் அவருடையதுதானே. வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்திக்கொண்டு வந்தது, ஒருநாள் என்னைத் திட்டினார், ஒரு எழுத்துகூடக் குழறவில்லை, எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் லைப்ரரிக்காரம்மா ரகசியமாகச் சொன்னாள், ஆள் எடுக்காத பாஷை அலமாரியையெல்லாம் பெரிய லைப்ரரிக்கே அனுப்பிவிட்டு அந்தச் சுவரில் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறார்களாம், பார்த்து முடிவு செய்ய மேலதிகாரி ஒருவர் வருகிறாராம். என் மூளை இருக்கிறதே, அது சும்மா கிடந்தால்தான் குடும்பத்துக்கு நல்லது. லைப்ரரியில் இந்த ஊர்ப் பேச்சு சொல்லிக்கொடுக்கிற சனிக்கிழமை வகுப்பில் எல்லாரையும் கூட்டி வைத்து, "அவங்கவங்க பாஷைல எடுக்க ஆள் பத்தாது, ஆளுக்கு ஆள் மாத்தி எடுப்போம், ஒண்ணு விடாம எடுப்போம்" என்று பெரிய தலைவி மாதிரிப் பேசினேன். தையல்காரம்மா நம் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனாள், நான் அவளுடையதை லாண்டரி வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தேன், ரொட்டிக் கடைக்காரர் மூன்று பாஷையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். லைப்ரரிக்காரம்மா முத்திரை குத்திக் குத்திக் கை வலித்து, சிரித்துக்கொண்டே எங்களை வாழ்த்தினாள். ஒரு வரிசையாவது அலமாரியில் விட்டுவைக்க வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும், படித்த அவளுக்கும்கூடத் தோன்றவில்லை.

மேலதிகாரி வந்தார். பின்சுவரைப் பார்த்தார், வெறும் பலகை. "பரவால்லையே, நான் சொல்றதுக்கு முன்னாடியே காலி பண்ணிட்டீங்களே, எல்லாக் கிளையும் இப்படி இருந்தா எனக்கு என்ன கவலை" என்று லைப்ரரிக்காரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் பாவம், "இல்ல சார், எல்லாம் ஜனங்க படிக்க எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்று பதறினாள். "அந்தக் கணக்கைப் போன வருஷத்தோட முடிச்சாச்சு, இனிமே எடுத்தது சேராது" என்று சொல்லிவிட்டு டேப்பை இழுத்துச் சுவரை அளந்தார். நான் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில்தான் நின்றேன். இத்தனை நாள் வகுப்பில் படித்த வார்த்தை எல்லாம் அந்த நிமிஷம் பார்த்து லீவு போட்டுவிட்டன. "குட் மார்னிங்" என்றேன், அவரும் சொன்னார், அப்போது மணி மாலை நாலு.

பிறகு எல்லாருமாகச் சேர்ந்து அவர் ஆபீசுக்கே போனோம். ரொம்ப மரியாதையாக உட்காரவைத்தார்கள், ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள், 'உங்கள் மொழி எங்களுக்கு முக்கியம்' என்று எல்லாப் பாஷையிலும் அச்சடித்தது. நம் பாஷையிலும் இருந்தது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகச் சிதறி, விபத்து நடந்த இடம் மாதிரி. அவ்வளவுதான், திரும்பி வந்துவிட்டோம்.

இப்போது திருப்பிக் கொடுக்கிற புத்தகம் எதுவும் அலமாரிக்குப் போவதில்லை, நேரே பெரிய லைப்ரரி மூட்டைக்குத்தான். அங்கே போக இரண்டு பஸ், நடுவில் மேம்பாலப் படி, அப்பா காலுக்கு அது ஆகிற காரியமா. போனில் வாசிக்கச் சொல்லாதே, விரல் நடுங்கி, ஒரு வரி படிப்பதற்குள் பக்கம் ஓடிப்போகிறது. படித்ததையே மறுபடி படியுங்கள் என்றால், "முடிவு தெரிஞ்ச சண்டைக்கு எவன் போவான்" என்கிறார். தையல்காரம்மாவிடமிருந்து திரும்ப வாங்கிய நம் புத்தகங்களில் கடைசியும் முடிந்த பிறகு அந்த ஆபீஸ் தாளையே எடுத்து, சிதறிய எழுத்தைக் கூட்டிக் கூட்டிச் சத்தமாக வாசித்தார். நேற்று அதுவும் இல்லை. தண்ணீர் வேண்டும் என்று விரலால் காட்டினார். வாயைத் திறந்து கேட்கட்டும் என்று நானும் பிடிவாதமாக நின்றேன். அவர் கேட்கவில்லை, விரலைக் கீழே போடவும் இல்லை. கடைசியில் கொடுத்துவிட்டேன், வேறு என்ன செய்ய. நானே வாசித்துக் காட்டலாம் என்று பார்த்தால், நான் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் அவர் தூங்கிவிடுகிறார்.

உன்னால் முடிந்தால் பெரிய எழுத்தில் நாலு புத்தகம் அனுப்பு, அழுகைக் கதை வேண்டாம், அழுதால் வாசிப்பு நின்றுவிடும். போன தடவை நீ அனுப்பிய செருப்பு குளிர் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது, புத்தகம் வந்து சேரும்வரை இவர் வாயை எப்படித் திறக்க வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. சண்டை போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் ஆமாம் இல்லை என்று முடிகிற கேள்வியாகக் கேட்காதே, நீட்டிச் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேள், மறந்துவிடாதே. நீ நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நல்ல பேர் எடுத்து, நூறு வருஷம் வாய் ஓயாமல் பேசி வாழணும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற குற்றத்துக்கு உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

பி.கு. இது இரண்டாம் தடவை எழுதியது. முதல் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, விலாசம் எழுதச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தன் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்து, வாசித்து முடித்து, அப்படியே புத்தகம் திருப்பிப் போடுகிற லைப்ரரிச் சுவர்ப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். அது பெரிய லைப்ரரிக்குப் போய்விட்டது. அங்கே யாராவது பிரித்துப் படித்துவிடுவார்கள் என்று பயப்படாதே, நம் எழுத்தைப் படிக்க ஆள் இல்லை என்று அவர்களே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.